வார்ஃபரின் சமன்பாட்டில் ‘ஆசியர்’ என்ற ஒற்றைக் கட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கணக்குக்காக ஒரு நோயாளியை வைத்துக்கொள்வோம். தென்னிந்தியப் பெண், வயது 45, உயரம் 150 செ.மீ., எடை 50 கிலோ. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, இதயத் துடிப்பும் சீர் இழந்திருக்கிறது. இதயத்தில் உறையும் இரத்தக் கட்டி மூளைக்குப் போய் அடைக்காமல் இருக்க இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைத் தொடங்க வேண்டும், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை மில்லிகிராம் தேவைப்படும்?

2009-இல் வெளியான ஒரு கட்டுரையின் முதல் சமன்பாடு 23 மி.கி. என்கிறது. அதே கட்டுரையில், அதே குழு, அதே நோயாளிகளின் தரவை வைத்து உருவாக்கிய இரண்டாவது சமன்பாடு 41 மி.கி. என்கிறது. இரண்டிலும் கணக்குப் பிழை இல்லை. முதலாவதற்கு அவர் மரபணு தெரியாது, இரண்டாவதற்குத் தெரியும். ஆனால் மரபணு தெரியாத சமன்பாடு சும்மா இருக்கவில்லை. ‘ஆசியர்’ என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்லி, அந்த டிக்கைக் கொண்டு மரபணுவை ஊகித்துக்கொண்டது. அந்த ஊகம் தென்னிந்தியருக்குப் பொருந்தவில்லை. மருத்துவத் தரவையும் மூலக்கூறுத் தரவையும் சேர்த்து மருந்தளவைத் தனிநபருக்கு ஏற்ப அமைக்கும் முனைவர் பட்ட ஆய்வில் இறங்குகிறவர்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டிய நிகழ்வு இது.

மருந்தும் இரண்டு மரபணுக்களும்

வார்ஃபரின் 1954 முதல் மனிதர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் தேவைப்படும் அளவு பத்து மடங்குக்கு மேலும் வேறுபடும். குறைந்தால் கட்டி, கூடினால் இரத்தக்கசிவு. நடுவில் உள்ள பாதை குறுகியது.

மாத்திரையில் எஸ், ஆர் என்று ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவங்கள் கலந்திருக்கின்றன. எஸ் வடிவம்தான் மூன்று முதல் ஐந்து மடங்கு வீரியமானது. அதைக் கல்லீரலில் உடைப்பது சிப்2சி9 என்ற நொதி. அதன் வழக்கமான வகை *1; *2, *3 வகைகளைச் சுமப்பவர்களுக்கு நொதி மெதுவாக வேலை செய்யும். *3 அதிலும் மோசம். மருந்து உடலில் தேங்குவதால் குறைந்த அளவே போதும்.

இரண்டாவது மரபணு விகோர்சி1. வார்ஃபரின் போய் முடக்கும் இலக்கே இதன் புரதம்தான். வைட்டமின் கே-யை மறுபடி பயன்படும் நிலைக்குக் கொண்டுவரும் நொதி இது. 2004-இல்தான் இந்த மரபணு அடையாளம் காணப்பட்டது. இதன் முகப்புப் பகுதியில் −1639 என்ற இடத்தில் ஜி இருந்தால் நொதி நிறைய உற்பத்தியாகும். ஏ இருந்தால் குறைவாக. இலக்கு குறைவாக இருந்தால் அதை முடக்க மருந்தும் குறைவாகப் போதும். ஏஏ உள்ளவருக்குக் குறைந்த அளவு, ஜிஜி உள்ளவருக்குக் கூடிய அளவு.

இந்த ஏ அல்லீல் (மரபணுவின் ஏ வடிவம்) கிழக்காசியாவில் ஏறத்தாழ 90 விழுக்காடு, ஐரோப்பாவில் 40-ஐ ஒட்டி, தெற்காசியாவில் 15 அளவில், ஆப்பிரிக்காவில் அதற்கும் கீழே. தெற்காசியரும் கிழக்காசியரும் இந்த ஓரிடத்தில் இரு எதிர் முனைகளில் நிற்கிறார்கள். ‘ஆயிரம் மரபணுத்தொகுதி’ திட்டத்தில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களின் மாதிரிகள் தனிக் குழுவாகவே இருக்கின்றன. ஆய்வு தொடங்குகிறவர் தன் மக்கள்தொகைக்கு நெருக்கமான அலைவெண்ணை (அல்லீல் எத்தனை விழுக்காடு என்ற எண்ணை) அங்கே ஒரு நாளில் பார்த்துவிடலாம்.

2009-இன் சமன்பாடு

சர்வதேச வார்ஃபரின் மருந்தியல்-மரபணுக் கூட்டமைப்பு, தைவான், ஜப்பான், கொரியா, சிங்கப்பூர், ஸ்வீடன், இஸ்ரேல், பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஒன்பது நாடுகளின் 21 ஆய்வுக் குழுக்களிடமிருந்து நோயாளிகளைத் திரட்டியது. ஐ.என்.ஆர். இலக்கு 2–3 உள்ளவர்களில் 4,043 பேரை வைத்துச் சமன்பாட்டை உருவாக்கி, 1,009 பேரை ஒதுக்கி வைத்துச் சோதித்தார்கள். நரம்பு வலைப்பின்னல் உட்படப் பல முறைகளை முயன்று பார்த்த பிறகு, சாதாரண நேர்கோட்டுச் சமன்பாடே போதும் என்று முடிவுக்கு வந்தார்கள். புதிதாக வருகிற மாணவர்கள் சிக்கலான மாதிரியைத் தேடி ஓடும் முன் இதை மனதில் வைக்க வேண்டும்.

மரபணு இல்லாத சமன்பாடு, வாராந்தர அளவின் வர்க்கமூலத்தைத் தருகிறது:

4.0376 − 0.2546 × வயதுப் பத்து + 0.0118 × உயரம் + 0.0134 × எடை − 0.6752 (ஆசியர்) + 0.4060 (கறுப்பினத்தவர்) + 0.0443 (இனம் தெரியாதவர், கலப்பினத்தவர்) + 1.2799 (நொதி தூண்டும் மருந்து) − 0.5695 (அமியோடரோன் என்ற இதயத் துடிப்பு மருந்து).

மரபணு உள்ள சமன்பாடு:

5.6044 − 0.2614 × வயதுப் பத்து + 0.0087 × உயரம் + 0.0128 × எடை. விகோர்சி1 ஏஜி என்றால் − 0.8677, ஏஏ என்றால் − 1.6974, சிப்2சி9 *1/*2 என்றால் − 0.5211, *1/*3 என்றால் − 0.9357, *2/*2 என்றால் − 1.0616, *2/*3 என்றால் − 1.9206, *3/*3 என்றால் − 2.3312, ஆசியர் − 0.1092, கறுப்பினத்தவர் − 0.2760, இனம் தெரியாதவர், கலப்பினத்தவர் − 0.1032, நொதி தூண்டும் மருந்து + 1.1816, அமியோடரோன் − 0.5503. மரபணு சோதிக்கப்படாத நிலைக்கும் தனிக் கெழுக்கள் உண்டு: விகோர்சி1-க்கு − 0.4854, சிப்2சி9-க்கு − 0.2188. ஒரு மரபணு மட்டும் விடுபட்டால் இவை உதவும். இரண்டுமே தெரியாவிட்டால் மேலே உள்ள முதல் சமன்பாடுதான்.

வயதுப் பத்து என்பது பத்தால் வகுத்துத் தசமத்தை வெட்டிய எண்: 45-க்கும் 49-க்கும் 4. இதை 4.5 என்று போட்டு நிரல் எழுதுகிறவர்கள் உண்டு. பிழை சிறிது, ஆனால் மூலச் சமன்பாட்டோடு விடை ஒத்துவராது. நொதி தூண்டும் மருந்து என்பதில் ரிஃபாம்பிசின், ஃபெனிட்டாய்ன், கார்பமாசெபைன் மூன்றும் அடங்கும். காசநோய் மருந்து எடுப்போர் நிறைய இருக்கும் இந்தியாவில் இந்தக் கட்டத்தை வெற்றாக விடக் கூடாது.

இப்போது நம் நோயாளி. மரபணு இல்லாத சமன்பாட்டில் 4.0376 − 1.0184 + 1.77 + 0.67 − 0.6752 = 4.784; வர்க்கம் 22.9 மி.கி., அதாவது நாளுக்கு 3.3 மி.கி. சோதித்தபோது அவர் விகோர்சி1 ஜிஜி, சிப்2சி9 *1/*1 என்று வந்தால், 5.6044 − 1.0456 + 1.305 + 0.64 − 0.1092 = 6.3946, வர்க்கம் 40.9 மி.கி., நாளுக்கு 5.8 மி.கி.

இதே பெண்ணுக்கு விகோர்சி1 ஏஏ என்று வைத்து மறுபடி கணக்கிடுங்கள்: 6.3946-இலிருந்து 1.6974 போக 4.6972, வர்க்கம் 22.1 மி.கி. மரபணு இல்லாத சமன்பாடு ‘ஆசியர்’ என்ற கட்டத்துக்காகத் தந்த 22.9-க்கு இது ஏறக்குறையச் சமம். மரபணுவைக் கேட்காமலேயே அந்தச் சமன்பாடு அவரை ஏஏ ஆக்கிவிட்டது. தரவில் ‘ஆசியர்’ என்று இருந்தவர்களில் பெரும்பாலோர் கிழக்காசியர்; அவர்களில் பெரும்பாலோர் ஏஏ.

கெழுவைப் பார்த்தாலே இது தெரியும். மரபணு சேர்ந்ததும் ‘ஆசியர்’ கெழு − 0.6752-இலிருந்து − 0.1092-ஆகச் சுருங்குகிறது. இனம் என்று எழுதப்பட்டதில் பெரும்பகுதி விகோர்சி1-இன் நிழல். எந்த மாதிரியிலும் ஒரு மக்கள்தொகைக் கெழு இப்படிச் சரிந்தால், அது எதற்குப் பதிலாளாக நின்றது என்று கேட்க வேண்டும்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே விடை இருந்தது. ஒரே ஊரில், ஒரே மருத்துவ முறையில் சீனர், மலாய், இந்தியர் மூவரும் வார்ஃபரின் எடுக்கிறார்கள். இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர். 2006-இல் அங்கிருந்து வந்த ஆய்வு, இந்தியர்களுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுவதையும், அந்த வேறுபாட்டை விகோர்சி1 விளக்குவதையும் காட்டியது.

கூட்டமைப்பின் சமன்பாட்டைக் குறை சொல்வதற்கு இது எழுதப்படவில்லை. மரபணு சேர்த்ததால் அவர்கள் கண்ட ஆதாயம் உண்மையானது. வாரம் 21 மி.கி. அல்லது குறைவாகத் தேவைப்பட்டவர்களில் 49.4 விழுக்காட்டினரை மரபணுச் சமன்பாடு சரியாகக் கண்டது, மற்றது 33.3. வாரம் 49 மி.கி. அல்லது அதற்கு மேல் தேவைப்பட்டவர்களில் 24.8-க்கு எதிராக 7.2. நடு அளவுக்காரர்களுக்கு எந்தச் சமன்பாடும் உதவும். இரு ஓரங்களில் இருப்பவர்களுக்குத்தான் மரபணு தேவை. ஜிஜி பெரும்பான்மையாக இருக்கும் தென்னிந்தியாவில் ‘ஆசியர்’ கட்டம் அந்த மேல் ஓரத்தைத்தான் மறைக்கிறது.

கறுப்பின நோயாளிகளிடம் நடந்தது

அதே அட்டவணையில் இன்னொரு கெழு குறியே மாறுகிறது. கறுப்பினத்தவருக்கு + 0.4060 என்று இருந்தது, மரபணு சேர்ந்ததும் − 0.2760 ஆகிறது. ஏ அல்லீல் அரிதாக இருப்பதால் அவர்களுக்குக் கூடுதல் அளவு தேவை என்பதை விகோர்சி1 விளக்கிவிட்டது. அதன் பிறகும் மீந்து நிற்கும் கழித்தல் குறி, அளவைக் குறைக்கும் வேறு ஏதோ ஒன்று கணக்கில் வரவில்லை என்று சொல்கிறது.

2013-இல் அமெரிக்காவில் 1,015 பேரிடம் நடந்த கோவாக் சோதனையில் இதன் விளைவு தெரிந்தது. நான்கு வாரத்தில் ஐ.என்.ஆர். இலக்குக்குள் இருந்த நேரம் மரபணுக் குழுவில் 45.2 விழுக்காடு, மற்றதில் 45.4, மொத்தத்தில் ஆதாயம் இல்லை. கறுப்பின நோயாளிகளிடம் 35.2-க்கு எதிராக 43.5; மரபணு பார்த்த குழுவே பின்தங்கியது. சிப்2சி9-இல் *2, *3 இரண்டை மட்டுமே சோதித்தார்கள். ஆப்பிரிக்க மரபினரிடம் காணப்படும் *5, *6, *8, *11 சோதிக்கப்படவில்லை. சோதிக்காத எல்லாம் தானாகவே *1 என்று பதிவாகின. மெதுவான நொதி உள்ளவர், வழக்கமான நொதி உள்ளவராகக் கணக்கில் ஏறினார். மரபணுவுக்கு ஏற்ப மருந்தளவைப் பரிந்துரைக்கும் பன்னாட்டுக் குழுவான சிபிக் 2017-இல் திருத்திய வழிகாட்டி இந்த அல்லீல்களையும், 10-ஆவது குரோமோசோமில் உள்ள ஆர்எஸ்12777823 என்ற மாறுபாட்டையும் சேர்க்கச் சொல்கிறது.

அதே 2013-இல் பிரிட்டனிலும் ஸ்வீடனிலும் 455 பேரிடம் நடந்த யூ-பாக்ட் சோதனையில் 67.4-க்கு எதிராக 60.3 என்று மரபணுக் குழு முந்தியது. ஒப்பீட்டுக் குழுவுக்கு அங்கே வழக்கமான தொடக்க அளவு. கோவாக்கிலோ மருத்துவத் தகவல் சமன்பாடு. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து ‘பயன்’ மாறும். 2017-இல் வந்த கிஃப்ட் சோதனை, இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நடந்தது. பெரும் இரத்தக்கசிவு, ஐ.என்.ஆர். 4 அல்லது அதற்கு மேல், இரத்தக் கட்டி, இறப்பு ஆகியவை சேர்ந்த அளவுகோலில் ஒப்பீட்டுக் குழுவின் 14.7 விழுக்காடு, மரபணுக் குழுவில் 10.8 ஆகக் குறைந்தது.

ஆய்வுக்கூடத்திலும் கணினியிலும் தவறுகிற இடங்கள்

இரத்தம் 3 முதல் 5 மி.லி., ஈ.டி.டி.ஏ. குழாயில், மரபணுச் சோதனைக்கு அது போதும். ஐ.என்.ஆர்.-க்கு வேறு குழாய், சிட்ரேட் உள்ளது. ஒன்றில் எடுத்த இரத்தத்தை மற்றதற்கு மாற்றினால் ஐ.என்.ஆர். கெட்டுப்போகும்.

வெட்டு நொதி முறையில் விகோர்சி1 பார்க்கிறவர்கள் எம்எஸ்பி-1 நொதியைப் பயன்படுத்துவார்கள். அது ஜி உள்ள இழையை வெட்டும், ஏ உள்ளதை விட்டுவிடும். நொதி பழையதாக இருந்தாலோ நேரம் போதாவிட்டாலோ ஜிஜி முழுதும் வெட்டுப்படாமல், ஜெல்லில் ஏஜி போலத் தெரியும். தெரிந்த ஜிஜி மாதிரி ஒன்றை ஒவ்வொரு ஜெல்லிலும் ஓட்டாமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஏஜி எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாக வந்து, ஹார்டி–வைன்பெர்க் சமநிலை சோதனையில் (அலைவெண்ணிலிருந்து எதிர்பார்க்கும் ஜிஜி, ஏஜி, ஏஏ எண்ணிக்கையோடு ஒப்பிடுவது) தவறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

முழு மரபணுத்தொகுதித் தரவிலிருந்து எடுப்பவர்களுக்கு வேறொரு பொறி. விகோர்சி1 எதிர் இழையில் இருக்கிறது. கட்டுரைகள் −1639 ஜி→ஏ என்று எழுதுவது, மரபணுத்தொகுதிக் கோப்பில் ஆர்எஸ்9923231, சி→டி என்று வரும். ஆகவே கோப்பில் உள்ள டி-தான் நம் ஏ. கோப்பில் ஏ-யைத் தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதை அப்படியே ‘ஏ இல்லை’ என்று பதிவு செய்தால் எல்லோரும் ஜிஜி ஆகிவிடுவார்கள். மாறுபாட்டின் அலைவெண்ணைப் பதிப்பிக்கப்பட்ட எண்ணோடு ஒரு முறை ஒப்பிட்டால் இந்தப் பிழை பிடிபடும்.

ஆனால் அதிகம் கெடுவது மரபணுத் தரவு அல்ல, மருந்தளவுத் தரவு. ‘ஒரு நாள் 3, மறுநாள் 4’ என்று எழுதியிருக்கும் சீட்டில் வாராந்தர அளவு 24.5 மி.கி.; 3 என்றோ 4 என்றோ பதிந்துவிட்டுப் பின்னால் ஏழால் பெருக்கினால் 21 அல்லது 28 ஆகும். ‘ஞாயிறு வேண்டாம்’ என்ற குறிப்பு ஓரத்தில் இருக்கும். அதையும் பார்க்க வேண்டும். சீட்டில் உள்ள அளவு வேறு, நோயாளி விழுங்கிய அளவு வேறு. மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பது நல்லது. அமியோடரோன் நிறுத்தி ஒரு மாதம் ஆனாலும் அதன் விளைவு உடலில் இருக்கும் என்பதால், ‘இப்போது எடுக்கவில்லை’ என்பது ‘இல்லை’ ஆகாது. முருங்கைக்கீரை நிறைய வாங்குகிற வாரத்திலும் ஐ.என்.ஆர். இறங்கும், கீரையை நிறுத்தச் சொல்ல வேண்டாம், வாராவாரம் ஒரே அளவு சாப்பிடுவதே வேண்டுவது.

‘நிலையான அளவு’ என்பதன் வரையறையை முதலிலேயே எழுதிவிட வேண்டும்: குறைந்தது மூன்று தொடர்ச்சியான வருகைகளில் அளவு மாறாமல் ஐ.என்.ஆர். இலக்குக்குள் இருப்பது என்பது ஒரு வழி. தொடக்க வாரத்து ஐ.என்.ஆர்.-ஐ வைத்து நிலை முடிவு செய்யக் கூடாது. இரத்தம் உறைய உதவும் புரதங்களில் ஏழாம் காரணியின் அரை ஆயுள் நாலைந்து மணி நேரம். அது முதலில் இறங்கி ஐ.என்.ஆர்.-ஐ உயர்த்திக் காட்டும். இன்னொரு உறைதல் புரதமான புரோத்ராம்பின் அரை ஆயுள் 60 மணி நேரத்துக்கு மேல். உண்மையான பாதுகாப்பு அது குறைந்த பிறகுதான் வரும்.

எத்தனை நோயாளிகள் வேண்டும்? 200 பேர் என்று வைத்துக்கொண்டால், ஏ அலைவெண் 15 விழுக்காட்டில் ஜிஜி 144 பேர், ஏஜி 51 பேர், ஏஏ நாலைந்து பேர். தமிழ்நாட்டு மக்களிடம் 2003-இல் வெளியான ஆய்வில் *3 ஏழு விழுக்காட்டை ஒட்டியும் *2 மூன்றுக்குக் கீழேயும் இருந்தது. அந்தக் கணக்கில் *1/*3 இருபத்தைந்து பேர், *3/*3 ஒருவர். அந்த ஒருவரை வைத்துத் தனிக் கெழு கணக்கிடுவது வீண். அல்லீல் எண்ணிக்கையை 0, 1, 2 என்று வைக்கும் மாதிரி, அல்லது பெரிய ஆய்வின் கெழுவைக் கடன் வாங்கித் திருத்துவது, இரண்டில் ஒன்றுதான் வழி.

ஒரு மரபணு விளக்கும் மாறுபாடு 2 × அ × (1 − அ) என்ற எண்ணைப் பொறுத்தது. அ என்பது அலைவெண். ஐரோப்பாவின் 0.39-க்கு இது 0.476, நம் 0.15-க்கு 0.255. ஒரே வலிமையுள்ள விகோர்சி1, இங்கே பாதியளவே விளக்கும். தென்னிந்திய ஆய்வில் விளக்கும் விழுக்காடு குறைந்தால் ஆய்வு தோற்றுவிட்டது என்று பொருளல்ல. பல நாட்டவரைக் கலந்தால் அந்த விழுக்காடு ஏறும். காரணம், நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டையும் அது தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. எனவே முடிவைச் சராசரிப் பிழையாகவும், உண்மை அளவுக்கு 20 விழுக்காட்டுக்குள் விழுந்தவர்களின் பங்காகவும் எழுத வேண்டும். வர்க்கமூலத்திலிருந்து திரும்பும்போது மீதப் பிழையின் மாறுபாட்டைக் கூட்டாவிட்டால் சராசரி சற்றுக் குறைவாகவே வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இந்தியாவில் எங்கே பயன்படும்

புதிய மாத்திரைகள் வந்தபின் வார்ஃபரின் ஆய்வு எதற்கு என்ற கேள்வி வரும். 2022-இல் வெளியான இன்விக்டஸ் சோதனை, ருமாட்டிக் இதய நோயோடு துடிப்புச் சீர்கேடும் உள்ளவர்களிடம், புதிய மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்ஸபானைவிட, வார்ஃபரின் போன்ற வைட்டமின் கே எதிர்ப்பு மருந்தே மேலானது என்று காட்டியது. உலோக வால்வு வைத்தவர்களுக்கும் இந்த மருந்துதான். மைட்ரல் உலோக வால்வுக்கு ஐ.என்.ஆர். இலக்கு 2.5–3.5, கூட்டமைப்பின் சமன்பாடோ 2–3-க்கானது. அதை அப்படியே எடுத்து வைத்தால் இன்னும் குறைவான அளவே வரும். இலக்கையும் ஒரு மாறியாகச் சேர்க்க வேண்டும்.

இந்தியாவில் பலர் எடுப்பது வார்ஃபரின் அல்ல, அதே வகை மருந்தான அசெனோகுமரால். வார்ஃபரினின் அரை ஆயுள் 40 மணி நேரத்தை ஒட்டி, இதற்கு 8 முதல் 11 மணி. இதன் எஸ் வடிவம் வழக்கமான நொதி உள்ளவரிடம் மிக வேகமாக அழிந்துவிடுவதால், வேலை செய்வது ஆர் வடிவம். *3 சுமப்பவரிடம் எஸ் வடிவமும் தங்கிவிடும். இரு மருந்துகளின் மில்லிகிராமும் ஒன்றல்ல. ஒரே தரவுத் தாளில் இரண்டையும் ‘டோஸ்’ என்ற ஒரே நெடுவரிசையில் போட்டுவிட்டால் பின்னால் பிரிக்க இயலாது. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தென்னிந்திய நோயாளிகளுக்கென மருத்துவத் தகவலையும் மரபணுவையும் சேர்த்து ஒரு அசெனோகுமரால் சமன்பாட்டை 2015-இல் வெளியிட்டார்கள். புதிதாகத் தொடங்குகிற மாணவர் தன் முதல் 50 நோயாளிகளை அந்தச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்து, எந்த ஓரத்தில் பிழை குவிகிறது என்று வரைந்த பிறகு, சொந்தச் சமன்பாட்டுக்கு எந்த மாறி வேண்டும் என்று தீர்மானிக்கலாம்.